உளுந்தஞ்சோறு ஆக்கப் போகிறீர்களா? யாருக்கு என்று முதலில் சொல்லுங்கள்

எங்கள் ஆச்சியிடம் போய் "உளுந்தஞ்சோத்துக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டால் நேரான பதில் வராது. "யாருக்குட்டி ஆக்குத?" என்று திருப்பிக் கேட்பாள். தாத்தாவுக்கு என்றால் ஒரு அளவு, எங்களுக்கு என்றால் ஒரு அளவு, பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிற சித்திக்கு என்றால் இன்னொரு அளவு. அப்போது எனக்கு எரிச்சலாக வரும், ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடலாமே என்று. இன்றைக்குச் சென்னையில் என் வீட்டில் பாதிப் பல் போன அம்மா, உதிரி உதிரியாக இருந்தால்தான் தட்டைத் தொடுவேன் என்கிற மகன், நடுவில் நானும் வீட்டுக்காரரும் என்று நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே அளவுகள் எல்லாம் கீழே சொல்கிறேன், ஆனால் தண்ணீர் பக்கம் வரும்போது உங்கள் வீட்டில் யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு: திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து வீடுகளில் அரிசியோடு தொலி, அதாவது தோல், நீக்காத கருப்பு உளுந்தைப் போட்டு, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) சேர்த்து ஒன்றாக வேகவைக்கிற சோறு இது. தாளிப்பு கிடையாது, மிளகாய் கிடையாது, மஞ்சள் கிடையாது. பார்க்கச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், படம் எடுத்துப் போட்டால் யாருக்கும் வாயூறாது. என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர்க்காரர். அவர்கள் ஊரில் துவரம்பருப்பு போட்டுத் தாளித்து அரிசிம்பருப்பு சாதம் செய்வார்கள், அது தங்க நிறத்தில் நெய் மினுமினுக்க இருக்கும். கல்யாணமான புதிதில் உளுந்தஞ்சோற்றைப் பார்த்துவிட்டு "சோத்துல சாம்பல் விழுந்துருச்சா?" என்று கேட்டார். இப்போது வாரத்தில் ஒரு நாள் செய்யாவிட்டால் அவரே உளுந்து டப்பாவைத் திறந்து பார்க்கிறார்.

உளுந்து எங்கள் பக்கத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் மண்தான். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் சுற்றிய கரிசல் காட்டில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாகப் போடுகிற பயிர் இது, 70 நாள் சொச்சத்தில் வந்துவிடும். புரட்டாசி கடைசியிலும் ஐப்பசியிலும் விதைத்தது தை வாக்கில் வீட்டுக்கு வரும். காவிரி டெல்டாவில் சம்பா அறுப்பை ஒட்டி வயலில் தெளிக்கிற உளுந்து அதற்கப்புறம் பங்குனி, சித்திரையில் வரும். புது உளுந்து சீக்கிரம் வேகும், வாசமும் தூக்கலாக இருக்கும், அதனால் தை, மாசியில் வாங்கி வெயிலில் காயவைத்து வேப்பிலை போட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டால் கொஞ்ச நாளைக்குக் கவலையில்லை.

கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் முதல் தடங்கல். "உளுந்து" என்று கேட்டால் இட்லிக்குப் போடுகிற வெள்ளை உருட்டு உளுந்தை எடுத்துக் கொடுப்பார்கள், "கருப்பு உளுந்து" என்றால் உடைக்காத முழு உளுந்தைக் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியது இரண்டாக உடைத்து, தொலி எடுக்காமல் விட்டது. ஒரு பக்கம் கருப்பும் ஒரு பக்கம் வெள்ளையுமாக இருக்கும். தொலி உளுந்து, உடைச்ச கருப்பு உளுந்து என்று கேட்டால் தெரிந்தவர்கள் எடுத்துத் தருவார்கள். முழு உளுந்து மட்டும்தான் கிடைத்தது என்றால் வறுத்து ஆறவைத்து மிக்சியில் ஒரே ஒரு சுற்று விட்டால் உடைந்துவிடும், தப்பில்லை. வெள்ளை உளுந்தில் மட்டும் செய்ய வேண்டாம். வேலைக்கு வந்த முதல் வருஷம் விடுதியில் கூட இருந்தவர்களுக்கு ஊர்ச் சோறு ஆக்கிப் போடுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கையில் இருந்த வெள்ளை உளுந்தை அப்படியே பச்சையாகப் போட்டு வைத்தேன். சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி வந்தது. கரண்டியைத் தூக்கினால் மொத்தச் சோறும் கூடவே வந்தது. உளுந்தில் இருக்கிற அந்த வழவழப்புதான் இட்லி மாவைப் பொங்க வைப்பது, இங்கே அதைக் கட்டிப்போட வேண்டும். அதற்குத் தொலியும் வேண்டும், வறுப்பதும் வேண்டும்.

சரி, அளவுக்கு வருவோம். நாலு பேர் வயிறாரச் சாப்பிட, 200 மில்லி பிடிக்கிற கப்பில் 2 கப் புழுங்கலரிசி, 1 கப் தொலி உளுந்து. அதாவது அரிசியில் பாதி உளுந்து. இதைவிட உளுந்து குறைந்தால் வெறும் சோறு மாதிரி இருக்கும், சரிக்குச் சரி போட்டால் வயிறு கல்லாகிவிடும், ராத்திரிக்கு நான் சொன்னது ஞாபகம் வரும். உரித்த பூண்டு 20 பல், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, துருவிய தேங்காய் ஒரு கப், கல் உப்பு முக்கால் மேசைக்கரண்டி, பெருங்காயம் சிட்டிகை, சுக்குப்பொடி இருந்தால் கால் தேக்கரண்டி. அப்புறம் நல்லெண்ணெய். அது கடைசியில் தட்டில் ஊற்றுவதற்கு, அதற்கு அளவு சொல்லமாட்டேன்.

அரிசியில் பெரிய விவாதம் வேண்டாம். வீட்டில் தினமும் வடிக்கிற பொன்னிப் புழுங்கலே போதும். பச்சரிசியில் செய்கிறவர்களும் உண்டு, அது சீக்கிரம் குழையும், அதனால் தண்ணீரில் ஒரு கப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாசுமதி வேண்டாம். அந்த வாசமும் உளுந்து வாசமும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

புழுங்கலரிசியைக் கழுவி 20 நிமிஷம் ஊறவைத்துவிட்டு உளுந்துக்கு வாருங்கள். உளுந்தை ஊறவைக்கக் கூடாது, ஊறினால் தொலி கழன்று மிதக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் கழுவும்போது தண்ணீரோடு பாதித் தொலி போய்விடும். கழுவாமல் அப்படியே, கல் தூசி பார்த்துவிட்டு, அடிகனமான சட்டியில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் வறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். தொலி ஏற்கெனவே கருப்பு, அதனால் சிவந்ததா இல்லையா என்று மேலே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உடைந்த பக்கம், அந்த வெள்ளைப் பக்கம் தெரிகிற பருப்புகளை மட்டும் கவனியுங்கள். பால் வெள்ளையாக இருந்தது மெல்ல மாறி இளம் பொன்னாக வரும். அதற்குள் வாசனை வந்துவிடும், முதலில் ஒரு பச்சை வாடை, அப்புறம் ஒன்றும் இல்லாதது மாதிரி ஒரு இடைவெளி, அப்புறம் வடை சுடுகிற வீட்டு வாசலில் நின்றது மாதிரி ஒரு வாசம். அந்த மூன்றாவது வந்த உடனே இறக்கிவிடுங்கள். என் அடுப்பில் இதற்கு 6 நிமிஷம் ஆகும், உங்கள் அடுப்பு எப்படியோ. கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே வறுத்தால் நிச்சயம் கருகும். கருகிய உளுந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்து வறுப்பதுதான் ஒரே வழி, கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது. சூட்டோடு சட்டியிலேயே விட்டாலும் அடி கருகும், தட்டில் கொட்டிப் பரப்புங்கள்.

வெந்தயத்தைத் தனியாக வறுக்க வேண்டாம். வறுத்த வெந்தயம் சாம்பாருக்கும் ஊறுகாய்க்கும் சரி, இங்கே முழுசாகப் பச்சையாகப் போட்டால் சோற்றோடு சேர்ந்து வெந்து உப்பி, கடிக்கும்போது லேசாகத்தான் கசக்கும். என் மகனுக்கு அது பிடிக்காது, பொறுக்கித் தட்டு ஓரத்தில் வைப்பான். அம்மா அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். அவரவர் பாடு.

பூண்டைத் தட்டவும் வேண்டாம், நறுக்கவும் வேண்டாம். முழுப் பல்லாகப் போட்டால் உள்ளே வெண்ணெய் மாதிரி வெந்து உட்கார்ந்திருக்கும், நசுக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதுதான் இதில் பாதி ருசி. நாட்டுப்பூண்டு அல்லது மலைப்பூண்டு கிடைத்தால் விடாதீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். காரம் அதிகம், உரிப்பதற்குள் நகக்கண் எரியும், ஆனாலும் உளுந்துக்கு அந்தக் காரம்தான் தோது. உளுந்து கொஞ்சம் மந்தமான பண்டம் என்பதால்தான் பூண்டு, சீரகம், பெருங்காயம், சுக்கு என்று செரிக்க வைக்கிற சாமான்களாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். இதில் எதையாவது விட வேண்டி வந்தால் சுக்கை விடுங்கள், பூண்டை விடாதீர்கள்.

வறுத்த உளுந்து ஆறியதும் ஒரே ஒரு தடவை தண்ணீர் ஊற்றி அலசி வடித்துவிடுங்கள். கையால் தேய்க்க வேண்டாம்.

இப்போது தண்ணீர். 2 கப் அரிசியும் 1 கப் உளுந்தும் போட்டால், உதிரியாக வேண்டும் என்றால் 7 கப், பொதுவாக எல்லாருக்கும் என்றால் 8 கப், குழைந்து பொங்கல் பதத்தில் வேண்டும் என்றால் 10 கப். வயலுக்கும் வேலைக்கும் போகிற ஆட்களுக்கு உதிரிச் சோறுதான் சரி, குழம்பை ஊற்றிப் பிசைந்தாலும் கையில் நிற்கும், தூக்குவாளியில் வைத்தாலும் மத்தியானம் வரை கூழாகாது. காய்ச்சல் விட்டு எழுந்தவர்கள், பல் இல்லாதவர்கள், சின்னப் பிள்ளைகள், பிள்ளை பெற்றவர்கள், இவர்களுக்கெல்லாம் 10 கப் பதம், அதையும் கரண்டியால் மசித்துச் சூடாக ஊட்டுவார்கள். எங்கள் சித்திக்கு ஆச்சி அந்தக் குழைந்த சோற்றின் நடுவில் ஒரு குழி பறித்து நல்லெண்ணெயைக் குழி நிறைய ஊற்றித் தருவாள், "இடுப்புக்குப் பலம்டி, மிச்சம் வைக்காத" என்று சொல்லிக்கொண்டு நிற்பாள். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கும் எங்கள் பக்கம் இதையும் உளுந்தங்களியையும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். இடுப்பு எலும்புக்கு எவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது என்று நான் அளந்து பார்த்ததில்லை. ஆனால் 100 கிராம் உளுந்தில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது, அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் உளுந்தில் இருக்கிறது, உளுந்தில் குறைவாக இருக்கிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை ஒன்று நிரப்புகிற ஜோடி. இந்தப் பெயர்கள் எதுவும் ஆச்சிக்குத் தெரியாது, எண்ணெய்க் குழி மட்டும் தெரியும்.

எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன செய்வது? நான் செய்வது இது. 8 கப் ஊற்றி ஆக்கிவிடுகிறேன். திறந்ததும் மகனுக்கு மேலாக அள்ளி ஆறவிடுகிறேன், ஆறினால் உதிரியாகிவிடும். அம்மாவுக்கு இரண்டு கரண்டியை ஒரு சின்னச் சட்டியில் எடுத்து அரை டம்ளர் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் இரண்டு நிமிஷம் வைத்து மத்தால் லேசாக மசித்துவிடுகிறேன். கொதிக்கிற தண்ணீர் என்பதைக் கவனியுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சோறும் தண்ணீரும் தனித்தனியாக நிற்கும்.

5 லிட்டர் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை முதலில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அதில் உளுந்து, வடித்த அரிசி, பூண்டு, வெந்தயம், சீரகம், பெருங்காயம், சுக்கு, உப்பு, தேங்காய்ப்பூவில் முக்கால் பங்கு எல்லாவற்றையும் போட்டு ஒரு தடவை அடிவரை கிளறிவிடுங்கள். உப்பை இந்த இடத்திலேயே ருசி பார்த்துவிட வேண்டும், தண்ணீர் கொஞ்சம் கரித்தால்தான் சோற்றில் சரியாக வரும். பிறகு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். இது ருசிக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், உளுந்து கொதிக்கும்போது நுரை பொங்கி வெயிட் வழியாக வரப் பார்க்கும், எண்ணெய் அந்த நுரையை அடக்கும். குக்கரில் பருப்பு வகை போடும்போது பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதும் இதனால்தான். 3 லிட்டர் குக்கரில் இதே அளவைத் திணித்து, தொலியோடு நுரை பீய்ச்சி அடித்து, சமையலறைக் கூரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது எங்கள் பழைய வாடகை வீட்டில். வீட்டைக் காலி பண்ணும்போது நானே ஏறி நின்று சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன். சின்னக் குக்கர்தான் இருக்கிறது என்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

மூடி வெயிட் போட்டு நடுத்தரத் தீயில் 4 விசில், அப்புறம் தீயைக் குறைத்து 5 நிமிஷம். குழைய வேண்டும் என்றால் 6 விசில். அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும் வரை தொடாதீர்கள். வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விட்டால் உளுந்துத் தண்ணீர் குப்பென்று மேலே வரும், தவிர அந்த 15 நிமிஷத்தில்தான் உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூண்டும் பருப்பும் இழுத்துக்கொள்ளும்.

திறந்தவுடனே பார்த்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று பயம் வரும், மேலே தொலியும் தேங்காயும் மிதந்துகொண்டு கொஞ்சம் கலங்கலாக இருக்கும். பதறாதீர்கள். கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து மெதுவாகப் புரட்டி, மிச்சம் வைத்த தேங்காய்ப்பூவைத் தூவி, மறுபடி மூடி 10 நிமிஷம் விடுங்கள், இறுகிவிடும். அப்படியும் இறுகவில்லை என்றால் உங்கள் அரிசி புது அரிசி, அடுத்த முறை அரை கப் தண்ணீரைக் குறையுங்கள், இன்றைக்கு அதை அம்மா பதம் என்று சொல்லிப் பரிமாறிவிடுங்கள்.

குக்கர் இல்லாமல் வெண்கலப் பானையில் ஆக்குகிறவர்கள் 11 கப் தண்ணீர் வையுங்கள், ஆவியாகப் போகிறது நிறைய. கொதித்ததும் முதலில் உளுந்தை மட்டும் போட்டு 10 நிமிஷம் வேகவிட்டு அப்புறம் அரிசியைப் போடுங்கள், இல்லாவிட்டால் அரிசி குழைந்த பிறகும் பருப்பு நறுக்கென்று நிற்கும். பூண்டும் தேங்காயும் அரிசியோடு. தண்ணீர் வற்றி மேலே குழி குழியாகத் தெரியும்போது தணலில் வைத்து மூடி, மூடி மேலே ஒரு கனமான பாத்திரத்தை ஏற்றிவிடுங்கள். அடியில் லேசாகப் பிடிக்கும், அந்தப் பொருக்குக்கு எங்கள் வீட்டில் அடிதடியே நடந்திருக்கிறது.

இனி எள்ளுத் துவையல். இது இல்லாமல் உளுந்தஞ்சோற்றை மேசைக்குக் கொண்டுவந்தால் எங்கள் ஊரில் யாரும் உட்காரமாட்டார்கள்.

கருப்பு எள் 50 கிராம். எள்ளில் எப்போதும் பொடி மண் இருக்கும், அதனால் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அரிக்க வேண்டும். கிண்ணத்தைச் சாய்த்து ஆட்டி ஆட்டி எள்ளைத் தண்ணீரோடு வடிகட்டியில் ஊற்றிக்கொண்டே வந்தால் மண் அடியில் தங்கிவிடும். இரண்டு மூன்று தடவை. நன்றாக வடிந்ததும் ஈரத்தோடு வெறும் சட்டியில் போட்டுக் கிளறுங்கள், ஈரம் காய்ந்து, ஒன்றிரண்டாகப் பொரிய ஆரம்பித்து, பிறகு மொத்தமாகப் படபடவென்று வெடிக்கும். வெடிப்பு உச்சத்துக்குப் போனதும் உடனே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும், வெடிப்பு அடங்கும் வரை காத்திருந்தால் கசந்துவிடும். அதே சட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 6 வரமிளகாய், ஒரு மேசைக்கரண்டி உளுந்து, ஒரு ஈர்க்குக் கருவேப்பிலை வறுத்து, கடைசியில் 3 மேசைக்கரண்டி தேங்காய்த்துருவலை ஒரு பிரட்டு. கோலிக்குண்டு அளவு புளி, 3 பல் பச்சைப் பூண்டு, உப்பு.

அம்மி இருந்தால் அம்மி. மிக்சி என்றால் மிளகாய், உப்பு, புளி, தேங்காய், பூண்டு எல்லாவற்றையும் முதலில் அரைத்துவிட்டு எள்ளைக் கடைசியில் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய், விடாமல் ஓட்டினால் ஜார் சூடேறி எண்ணெய் பிரிந்து துவையல் சொத சொத என்று ஆகிவிடும். தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும். உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், கொஞ்சம் கொரகொரப்பும் இருக்க வேண்டும். கொஞ்சம் கசப்புத் தட்டினால் சுண்டைக்காய் அளவு கருப்பட்டி சேர்த்து ஒரு சுற்று விடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி என்றால் நல்லது, இல்லாவிட்டால் எது இருக்கிறதோ அது.

கர்ப்பமாக இருக்கிற பெண்களுக்கு எள்ளு கூடாது என்று சொல்கிற வீடுகள் உண்டு. அந்த வாதத்தில் நான் இறங்கவில்லை, அன்றைக்குத் தேங்காய்த் துவையலோ இஞ்சித் துவையலோ அரைத்துவிட்டால் பெரியவர்களுக்கும் நிம்மதி, சாப்பிடுகிற பிள்ளைக்கும் நிம்மதி. எள்ளு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், விருந்தாளி என்றால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

துவையலுக்கு மேல் என்ன என்பது அவரவர் வசதி. அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் நாட்டுக்கோழிக் குழம்பு, அல்லது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கத்தரிக்காய் போட்டு. சைவ வீட்டில் அவியல், சுட்ட அப்பளம், மோர்மிளகாய் வத்தல். சாம்பார் ஊற்றிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பருப்புச் சோற்றுக்கு மேல் பருப்புக் குழம்பு, எனக்கு அது புரியவில்லை. தயிரும் அவ்வளவாகச் சேராது, கடைசியில் வேண்டுமானால் மோர் குடித்துக்கொள்ளலாம்.

பரிமாறுவதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. இந்தச் சோறு ஆறினால் இறுகும், அதனால் எல்லாரும் உட்கார்ந்த பிறகு அள்ளுங்கள், அவர்கள் சோற்றுக்குக் காத்திருக்கட்டும். தட்டில் வைத்ததும் நடுவில் குழி, குழியில் செக்கு நல்லெண்ணெய், ஓரத்தில் எலுமிச்சை அளவு துவையல். நெய் ஊற்றலாமா என்று வீட்டுக்காரர் முதல் தடவை கேட்டார். ஊற்றலாம், யாரும் அடிக்கமாட்டார்கள். ஆனால் எள்ளும் எண்ணெயும் உளுந்தும் சேர்ந்தால் ஒரு வாசம் வரும், நெய் உள்ளே நுழைந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்குத் துவையலில் காரம் அதிகமென்றால் கருப்பட்டியைத் தூளாக்கி எண்ணெயோடு பிசைந்து கொடுங்கள், களி சாப்பிடுகிற மாதிரியே இருக்கும்.

மிஞ்சினால் வெளியே ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். தேங்காய் சேர்ந்த சோறு, நம் ஊர்ச் சூட்டுக்கு ஊசிப்போகும், பழையதாகத் தண்ணீர் ஊற்றி வைக்கவும் இது சரிப்படாது. ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் கட்டியை உடைத்து 2 கப் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, மசித்து, அடுப்பை அணைத்த பிறகு அரை டம்ளர் தேங்காய்ப்பால் ஊற்றினால் உளுந்தங்கஞ்சி. உப்பு சரி பாருங்கள், நேற்றைய துவையல் ஒரு கரண்டி இருந்தால் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவுக்கு முதல் நாள் சோற்றைவிட இந்தக் கஞ்சிதான் இஷ்டம், அதற்காகவே ராத்திரி "எனக்குப் பசிக்கல, மிச்சம் வை" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். இப்போதெல்லாம் நான் அரை கப் அரிசி கூடவே போட்டுவிடுகிறேன்.